காரைச் சுவர்

சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது கோபுரத்தைத்தான். ஒன்பது நிலைகளோடு உயர்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்தில் தேவர்களும் முனிவர்களும் துவாரபாலகர்களும் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். அவர்களெல்லாம் எதனால் ஆனவர்கள்? சுதையினால் ஆனவர்கள். சுதை என்றால் வேறொன்றுமில்லை. சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்துதான். வெயிலிலும் மழையிலும் கோடையிடியிலும் தலைமுறை தலைமுறையாக அது நிற்கிறது. இதைச் சிறு வயது முதல் தினந்தோறும் பார்த்து வளர்ந்தவன் நான். பார்த்தேனே ஒழிய, அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளாததனால் வந்த கஷ்டத்தையும், பிறகு ஒருவாறு கற்றுக்கொண்ட கதையையும்தான் இன்று நேயர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு என் பாட்டனார் கட்டியது. திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுப்பங்கரை என்று எங்கள் பக்கத்து வீடுகளுக்கு உரிய அமைப்பிலேயே அமைந்தது. சுவர்கள் ஒன்றரை அடி கனம். செங்கல்லைச் செம்மண் சேற்றில் அடுக்கி, இருபுறமும் சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள். பட்டாசலில் தெற்குச் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். சித்திரை மாதத்து வெயிலில் வெளியே தலை வெடித்துவிடும்போல் இருந்தாலும், அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் குளிர்ந்த நீர்ப்பானையைத் தொட்டதுபோல் இருக்கும். என் தாயார் மத்தியான வேளையில் அங்கே சாய்ந்து உட்கார்ந்துதான் வெற்றிலை போடுவாள்.

1998ஆம் ஆண்டு தீபாவளிக்கு நான் லீவில் ஊர் வந்திருந்தபோது, அந்தச் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் காரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாக வேலை செய்யும் முதிய கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். “சுண்ணாம்பு நீற்றி ஊறப்போட வேண்டும், தம்பி. இரண்டு மூன்று மாதம் ஆகும்” என்றார். எனக்கு இருந்ததோ பத்து நாள் லீவு. “சிமெண்டு பூசினால் மூன்று நாளில் முடிந்துவிடுமே!” என்றேன். “முடிந்துவிடும், ஆனால் சுவருக்கு மூச்சு முட்டும்” என்று சொல்லிவிட்டு, அந்த வேலையை ஏற்றுக்கொள்ளாமலே போய்விட்டார். அவர் சொன்னதை நான் வயோதிகரின் பிடிவாதம் என்று எண்ணினேன். வேறொருவரைக் கொண்டு சிமெண்டு பூசி, வர்ணமும் அடித்துவிட்டு, மனத் திருப்தியோடு ரயில் ஏறினேன்.

நாலைந்து வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, சிமெண்டு முடிகிற இடத்துக்கு மேலே, இடுப்பளவு உயரத்தில் ஓதம் கண்டது. அங்கேயும் சிமெண்டு பூசினோம். அது இன்னும் மேலே ஏறிற்று. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. வர்ணம் அப்பளம்போல் கொப்பளித்தது. கடைசியில் நிலைப்படியின் தலைமட்டத்துக்கு ஈரம் ஏறிவிட்டது. வந்து பார்த்த பொறியாளர் ஒருவர், “சுவர் போய்விட்டது, இடித்துவிடுவதே நல்லது” என்றார். வெளியூரில் இருக்கும் என் தம்பி, “இடிப்பானேன்? அப்படியே விற்றுவிடலாம்” என்று எழுதினான். தாயாருக்கு அப்போது எண்பத்தாறு வயது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “சுவர் தானாகவா போயிற்று?” அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் அது தானாகப் போகவில்லை, நான்தான் போக்கினேன்.

இங்கே கொஞ்சம் காரண காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய சுவர்களுக்கு அடியில், இக்காலத்துக் கட்டடங்களில் இருப்பதுபோல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப்போலச் செங்கல்லும் மண்ணும் பூமியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியாக அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். சுவர் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். பழைய கொத்தனார் மூச்சு என்று சொன்னது இதைத்தான். சிமெண்டுப் பூச்சோ நெருக்கமானது. ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வழி அடைபட்ட நீர், வழி கிடைக்கும் உயரம் வரையில் ஏறுகிறது. ஏறும்போது மண்ணில் உள்ள உப்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. நீர் ஆவியானபின் உப்பு படிகமாகி, உள்ளிருந்தே பூச்சைத் தள்ளுகிறது.

மற்றொன்றும் உண்டு. எங்கள் வட்டாரத்தில் பெரும்பகுதி கரிசல் பூமி. மழை பெய்தால் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். வீட்டின் அஸ்திவாரமும் அதோடு சற்றே அசைந்து கொடுக்கிறது. சுண்ணாம்புச் சாந்து இளக்கமுள்ளது; அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும். கடினமான சிமெண்டு இடம் கொடாது. விரியும், அல்லது தன்னைத் தாங்கும் மென்மையான செங்கல்லின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். பலமான பொருள் எங்கும் பலம் தரும் என்று நாம் நினைப்பது தவறு.

சிமெண்டின்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824இல் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எங்கள் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்திலேயே 1949இல் சிமெண்டு ஆலை தொடங்கிற்று. அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல்தான் அதற்கும் மூலப்பொருள். சிமெண்டில்லாமல் அணை ஏது, பாலம் ஏது? குற்றம் பொருளில் இல்லை. அதை இடமறியாமல் இட்ட என் கையில்தான் இருந்தது.

சரி, சுவரை மீட்க யாரிடம் போவது? பழைய கொத்தனார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அப்போது தாயார்தான் சொன்னாள்: “கொத்தனார் போனால் என்ன? அவருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவள் இருக்கிறாளே!” ஆம், நாற்பது வருஷம் அவரிடம் சித்தாளாக இருந்த ஓர் அம்மாள் ஊரின் கீழ்ப்புறத்தில் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். “நான் கரண்டி பிடித்ததில்லையே, தம்பி” என்று முதலில் தயங்கினார். “கரண்டி பிடிக்க ஆள் இருக்கிறது, அக்கா. சாந்து தெரிந்தவர்தான் இல்லை” என்றேன். சிரித்துக்கொண்டே புறப்பட்டு வந்தார்.

வந்தவர் முதலில் சுவரைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். “அந்தக் காலத்தில் இந்தத் திண்ணைக்கு மூன்று படி உண்டே, இப்போது ஒரு படிதானே இருக்கிறது?” என்றார். எனக்கு உறைத்தது. சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையின் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. மழைநீர் எங்கள் சுவரின் காலடியில் வந்து நிற்கிறது. அன்றியும், கொல்லைப்புறக் குழாய் ஒன்று சுவரின் அடியில் கசிந்துகொண்டிருந்தது. நோயின் மூலம் இவை. இவற்றைச் சரிசெய்யாமல் சுவருக்கு எதைப் பூசினாலும் பயனில்லை. ஆகவே முதற்காரியமாகக் குழாயை மாற்றினோம். சுவரை ஒட்டி மண்ணைத் தோண்டி எடுத்துச் சரளைக்கல் நிரப்பி, நீர் ஓடிப்போக வாட்டம் அமைத்தோம்.

பிறகு அக்கா விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாக ஒலிக்கும் இடத்தை விட்டுவிட்டு, பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் கரியால் கோடு போட்டார். நல்ல காரையை ஒரு சாண்கூட வீணாக எடுக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. சிமெண்டுப் பூச்சை மட்டும் முழுவதும் எடுத்தோம். மின்சாரச் சுத்தியல் கூடாது என்று தடுத்துவிட்டார். அதன் அதிர்ச்சியில் மண்சேறு இளகிவிடுமாம். உளியும் சிறு சுத்தியலும் கொண்டு பொறுமையாகக் கொத்தி எடுத்தோம். செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டினோம். பூத்திருந்த உப்பை நீர்விட்டுக் கழுவாமல், உலர்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்கி வாரி வெளியே கொட்டினோம். கழுவினால் உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

இதெல்லாம் நடந்தது வைகாசியில். உடனே பூசலாம் என்று நினைத்தேன். “சுவர் பட்ட ஈரம் போகட்டும்” என்றார் அக்கா. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று அம்மியையும் நகர்த்தும் என்பார்களே, அந்தக் காற்று சுவரை உலர்த்தட்டும் என்று ஜன்னல்களைத் திறந்து போட்டோம். ஆடித் தபசுக்கு வந்த உறவினர்கள், தோலுரித்த ஆட்டைப்போல் நின்ற சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை, “அடுத்த தபசுக்குள் ஆகாவிட்டால் விற்றுவிடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் சம்மதித்துவிட்டேன்.

ஆவணியில் கற்சுண்ணாம்பு வாங்கி வந்தோம். சுண்ணாம்புக்கல்லின் கதை வேடிக்கையானது. 100 பங்கு சுத்தமான கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால், 44 பங்கு கரியமில வாயுவாக வெளியே போய், 56 பங்கு சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் வார்த்தால் சீறிக் கொதித்துப் பொரிந்து மாவாகும். அதுவே நீற்றுவது. அந்த நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து, தான் இழந்த கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லாகப் பிறந்து, மாவாகி, மீண்டும் கல்லாவதுதான் காரையின் ரகசியம்.

நீற்றும்போது மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து, தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, அதில் கல்லைச் சிறிது சிறிதாக இட்டோம். கொதிப்பு அடங்கியபின் சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரல் நீர் நிற்கும்படி விட்டு மூடிவைத்தோம். எவ்வளவுக்கெவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு வெண்ணெய்போல் ஆகும். நீறாத பருக்கை ஒன்று உள்ளே இருந்துவிட்டால், பூசிய பிறகு சுவருக்குள் நீறிப் பொரிபோல் வெடித்து வரும். ரோமாபுரியில் மூன்று வருஷம் ஊறாத சுண்ணாம்பைக் கட்டட வேலைக்கு உபயோகிக்கக்கூடாது என்று பழைய சட்டம் இருந்ததாகப் பிளினி என்ற ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். எங்களுக்கு மூன்று வருஷம் கெடு இல்லை. தை மாதம் வரை விட்டுவைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்தது. அந்த மழையில் சுவரின் காலடியில் நீர் நிற்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டபின்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

தை பிறந்ததும் சாந்து தயாராயிற்று. முன்காலத்தில் வட்டமான பள்ளத்தில் கல் உருளையை மாடு இழுத்துச் சுற்ற, சாந்து அரைபடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. கொல்லையில் கிடந்த கல்லுரலில் உலக்கை போட்டு இடித்தோம். சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிச் சலித்த மணல் இரண்டு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு. செங்கல் தூள் சேர்ந்தால் ஈரமுள்ள இடத்திலும் காரை இறுகும். கடுக்காயைத் தட்டி நீரில் ஊறப்போட்டு, உடன்குடிக் கருப்பட்டியும் கரைத்துச் சில நாள் புளிக்கவிட்டிருந்தார் அக்கா. பச்சை நீருக்குப் பதிலாக அந்த நீரைத்தான் ஊற்றினார். கருப்பட்டி சாந்தைக் குழைவாக்கி, அவசரமாக இறுகாமல் தாமதப்படுத்துகிறது; அளவு மிஞ்சினால் சாந்து இறுகவே இறுகாது; எறும்பும் வந்துவிடும். அளவு என்ன என்று கேட்டேன். “மூக்குக்குத் தெரியும்” என்றார்! நான் விடாமல் ஒவ்வொரு தடவையும் படியால் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கரண்டியில் சாந்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். உதறினால் ஒட்டாமல் சுத்தமாக வழுக்கி விழ வேண்டும். அந்தப் பதம் வந்தபிறகுதான் கொத்தனார்கள் கையில் கொடுத்தார். வந்திருந்த இரண்டு இளைஞர்களும் சிமெண்டு வேலையில் கெட்டிக்காரர்கள். சுண்ணாம்பு அவர்களுக்குப் புதிது. சுவரை நன்றாக நனைத்து, அரை அங்குலக் கனத்துக்கு முதற்பூச்சு. அது சற்று விறைத்ததும் மரக்கட்டையால் தட்டித் தட்டி நெருக்க வேண்டும். பிறகு நாட்கணக்கில் நனைந்த கோணிகளைத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் மறுபடியும் என் பழைய புத்தியைக் காட்டினேன். சீக்கிரம் உலரட்டும் என்று, ஓர் இரவு கோணிகளை விலக்கிவிட்டு, மின்விசிறியைச் சுவருக்கு நேராகச் சுழலவிட்டேன். விடிந்து பார்த்தால், சுவர் முழுவதும் சிலந்தி வலைபோல் வெடிப்பு! அக்கா வந்தார், பார்த்தார். கோபிக்கவில்லை. “சாந்து காயக்கூடாது, தம்பி; இறுக வேண்டும். காய்வது வேறு, இறுகுவது வேறு” என்றார். தாமே உளியை எடுத்து, வெடித்த பாகத்தையெல்லாம் உதிர்த்தார். மூன்று நாள் வேலை மண்ணாயிற்று. 1998இல் எனக்குத் தெரியாமற்போன பாடமும் இதுதான் என்று அப்போது விளங்கிற்று.

மறுபடியும் பூசினோம். இரண்டாம் பூச்சு மெல்லிய மணலில். கடைசிப் பூச்சு, மணலே அதிகம் இல்லாமல், அம்மியில் வைத்து அரைத்த சுண்ணாம்பில், முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்தது. அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால் மினுமினுப்பு ஏறும். இப்படிப்பட்ட பூச்சுக்குத்தான் முன்னாளில் சென்னைச் சுண்ணம் என்று பெயர். பளிங்கு என்றே மயங்கும்படி இருக்கும் என்று வெள்ளைக்காரர்கள் வியந்தார்கள். மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலில் வானளாவி நிற்கும் தூண்களும் சுண்ணச் சாந்து பூசியவைதாம். சென்னைச் சேப்பாக்கத்து அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீக்கு இரையானபோது, பொதுப்பணித் துறையினர் அதைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே புதுப்பித்தார்கள். பெரிய கட்டடங்களுக்கு உள்ள நியாயம் நம் வீட்டுச் சுவருக்கும் உண்டு அல்லவா?

வேலை முடிந்த அன்று கூலி கொடுக்கும்போது, கொத்தனார்களுக்குக் கொடுத்ததையே அக்காவுக்கும் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “அதிகமாக இருக்கிறதே” என்றார். “இது கொத்தனார் கூலி” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “நாற்பது வருஷம் சித்தாள் கூலிதான் வாங்கினேன். சாந்து நன்றாயிருக்கிறது என்று கொத்தனாரை எல்லாரும் புகழுவார்கள், எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருக்கும்” என்று சொல்லிப் பணத்தை முடிந்துகொண்டார். நம் ஊர்களில் நிற்கும் எத்தனையோ பழைய சுவர்களின் பதத்தை அறிந்தவர்கள் இப்படிப் பெயர் தெரியாத பெண்கள்தாம் என்பதை அன்று வரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. நேயர்கள் ஊரிலும் அப்படிப்பட்ட ஓர் அம்மாள் இருக்கக்கூடும். தாமதிக்காமல் போய்க் கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள், உரிய கூலியையும் கொடுங்கள்.

அடுத்த தபசுக்கு வந்த தம்பி சுவரைத் தட்டிப் பார்த்தான். விற்பனைப் பேச்சை எடுக்கவில்லை. எல்லாம் பூரணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வடக்கு மூலையில் மழைக்காலத்தில் இன்னும் கையகலத்துக்கு ஈரம் தெரிகிறது. வெயில் வந்தால் மறைகிறது. “சுவர் மூச்சு விடுகிறது, விடட்டும்” என்கிறார் அக்கா. வர்ணம் எதுவும் அடிக்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வெறும் சுண்ணாம்பு, சிறிது நீலம் கலந்து அடிப்பதோடு சரி. எங்காவது காரை பெயர்ந்தால் உடனே ஒட்டுப்போடுவதற்காக, மிஞ்சிய சுண்ணாம்பைப் பானையில் இட்டு, மேலே நீர் நிறுத்திக் கொல்லையில் மூடிவைத்திருக்கிறோம். நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது இப்போது என் வேலை.

தாயார் பழையபடி மத்தியானத்தில் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறாள். நான் எதிரே உட்கார்ந்து, நோட்டில் குறித்துவைத்த அளவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு இளைஞர்களும் கேட்டிருக்கிறார்கள்; தேரடிப் பக்கத்தில் இன்னொரு வீட்டில் காரை உதிர்கிறதாம்.